ஒட்டுகிற டேப்போடு ஓர் இஞ்ச் டேப்பும் எடுத்து வாருங்கள்

பள்ளி, கல்லூரி, ஊர் கிளப் வாலிபால் அணிகளின் பயிற்சியாளர்களுக்கும், உடற்கல்வி ஆசிரியர்களுக்கும், மின்னொளிப் போட்டி நடத்தும் கமிட்டிக்காரர்களுக்கும் வணக்கம்.

திங்கட்கிழமை காலையில் என் கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவராவது ஒற்றைச் செருப்போடு இருப்பார். இன்னொரு செருப்பு கையில் இருக்கும். முந்தின இரவு பக்கத்து ஊரில் எங்கோ மேட்ச் நடந்திருக்கிறது என்று புரிந்துகொள்வேன். நான் பதினெட்டு வருடமாக பிசியோதெரபிஸ்ட். அதற்கு முன்னால் கல்லூரி அணியில் சென்டர் பிளாக்கர், அதாவது நெட் நடுவில் குதித்து எதிர் அணியின் அடியைத் தடுப்பவன். இரண்டு பக்கமும் நின்று பார்த்தவன் என்ற தைரியத்தில்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு பையன் வந்தான். பிளஸ் டூ படிக்கிறான், நல்ல உயரம். இடது கணுக்கால். இந்த வருடத்தில் இது நாலாவது தடவை என்றான். முதல் தடவை பிளாக் போட்டு இறங்கும்போது எதிர் அணிக்காரனின் பாதத்தின்மேல் கால் விழுந்து பிரண்டிருக்கிறது. அப்போது நன்றாக வீங்கியது. அடுத்த இரண்டு தடவையும் ஆட்டத்தில்தான். நாலாவது தடவை மேட்ச்சும் இல்லை, ஒன்றும் இல்லை. ரேஷன் கடைக்குப் போகும் வழியில், சமதரையில் மடங்கிவிட்டது.

"சார், டேப் எப்படி ஒட்டுறதுன்னு மட்டும் சொல்லிக் குடுங்க. ஞாயித்துக்கிழமை செமி ஃபைனல்" என்றான். வெள்ளை பிளாஸ்டர் ரோலைத் தயாராகப் பையில் வைத்திருந்தான். பயிற்சியாளர் வாங்கிக் கொடுத்தாராம்.

சரி, முதலில் நில் என்றேன். வெறுங்காலில், கைகளை இடுப்பில் வைத்து, ஒற்றைக் காலில், கண்ணை மூடிக்கொண்டு. வலது காலில் 22 விநாடி நின்றான். இடது காலில் ஐந்தாவது விநாடியே ஆட்டம் கண்டு, மேசையைப் பிடித்துக்கொண்டான். அவனுக்கே ஆச்சரியம். வலி கொஞ்சம்கூட இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

பிறகு அவன் கொண்டுவந்த பிளாஸ்டரை எடுத்து, முறையாக ஒட்டினேன். எழுந்து நாலு நடை நடந்தான். முகம் மலர்ந்துவிட்டது. "இப்ப கால் கல்லு மாதிரி இருக்கு சார்" என்றான். மறுபடி கண்ணை மூடி நிற்கச் சொன்னேன். ஆறு விநாடி.

கல்லு மாதிரி இருக்கிறது என்று அவன் நம்பிய காலுக்கும், ஆறு விநாடி காட்டிய ஸ்டாப்வாட்சுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டும்.

கணுக்கால் உட்பக்கமாக மடங்கும்போது முதலில் அடிபடுவது வெளிப்பக்க மூட்டெலும்புக்கு முன்னால் இருக்கிற ஒரு சின்னத் தசைநார். அது கிழியும், அல்லது இழுபட்டுத் தளரும். விசை அதிகமானால் அதற்குக் கீழே இருக்கும் இன்னொன்றும் சேர்ந்து போகும். வீக்கம் வடியும், வலி போகும், இரண்டு வாரத்தில் பையன் ஓட ஆரம்பித்துவிடுவான். இதுவரைக்கும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நாம் கவனிக்காமல் விடுவது வேறொன்று. தசைநார் வெறும் கயிறு இல்லை. கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்குச் சொல்கிற நரம்பு முனைகள் அதற்குள் இருக்கின்றன. 1965இல் இங்கிலாந்தைச் சேர்ந்த மைக்கேல் ஃப்ரீமன் என்ற எலும்பு மருத்துவரும் அவருடைய சகாக்களும் இதைத்தான் எழுதினார்கள்: சுளுக்கிய கால் அடிக்கடி 'விட்டுவிடுகிறது' என்றால், தசைநார் தளர்ந்தது மட்டும் காரணமாக இருக்காது, அதற்குள் இருந்த நரம்பு முனைகள் சேதமாகி, சேதி போய்ச் சேராததும் காரணமாக இருக்கலாம் என்று. ஆடுகிற பலகைமேல் நிற்க வைத்துப் பயிற்சி கொடுத்தவர்களுக்கு அந்தக் கோளாறு குறைந்ததையும் காட்டினார்கள். அதற்குப் பிறகு வந்த ஆராய்ச்சிகள் அவர்கள் சொன்னதில் பலவற்றைத் திருத்தியிருக்கின்றன. நரம்பு முனை மட்டும் இல்லை, மூளை அந்தக் காலை நடத்துகிற விதமே மாறிப்போகிறது என்று இன்று சொல்கிறார்கள். ஆனால் ஒற்றைக் காலில் நிற்க வைத்துப் பார்க்கும் அந்தச் சாதாரணச் சோதனை இன்னும் அப்படியே இருக்கிறது.

முதல் சுளுக்கை அலட்சியமாக விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். டப்ளினில் முதல் தடவை சுளுக்கிக்கொண்டவர்களை ஒரு வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். வருட முடிவில் அவர்களில் 100க்கு 40 பேருக்கு அந்தக் கால் நிலையில்லாத காலாகிப் போயிருந்தது. 'சுளுக்குதானே' என்று நாம் சொல்கிற சுளுக்குதான் இது.

நானும் அந்த நாற்பதில் ஒருத்தன். கல்லூரிக் காலத்தில் பக்கத்தில் நின்ற எங்கள் அணிக்காரனே என் இறங்கும் இடத்தில் காலை நீட்டிவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது, பிளாக்கை அடைக்க ஓடி வந்தவன். டேப் ஒட்டி மறு வாரம் ஆடினேன். டேப் ஒட்டி அந்த சீசன் முழுக்க ஆடினேன். நின்று பழகு என்று யாரும் சொல்லவில்லை, சொல்லத் தெரிந்தவர் அப்போது எங்கள் பக்கத்தில் இல்லை. இன்றைக்கும் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது இடது காலை முதலில் கீழே வைக்க மாட்டேன். கண்டக்டர் அவசரப்படுத்தினாலும் கால் தானாக மாறிக்கொள்ளும்.

டேப் வேண்டாம் என்று சொல்லப் போகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். டேப்புக்கு நூறு வருடத்துக்கும் மேலான கதை இருக்கிறது. நியூயார்க் மருத்துவர் வர்ஜில் கிப்னி 1895இல் எழுதிய பின்னல் முறைக் கட்டுதான் இன்றும் உலகம் முழுக்க அவர் பெயரோடு ஒட்டப்படுகிறது. 1973இல் வெளிவந்த கேரிக், ரெக்வா இருவரின் ஆய்வு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து ஆடிய 2,500க்கும் மேற்பட்ட மாணவர்களைப் பார்த்தது. டேப் ஒட்டியவர்களுக்குச் சுளுக்கு குறைவாகவே வந்தது. முன்பே சுளுக்கியவர்களுக்கு அதன் பலன் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ஆக, ஏற்கெனவே அடிபட்ட காலுக்கு டேப்போ லேஸ் போட்ட பிரேஸோ (கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் உறை) போட்டு ஆட வைப்பது சரியான காரியம்தான். அதில் எனக்குக் கருத்து வேறுபாடு கிடையாது.

ஆனால் அந்த டேப் எவ்வளவு நேரம் தாங்கும்? 1962இல் அமெரிக்காவில் ராரிக்கும் அவர் சகாக்களும் அளந்து பார்த்தார்கள். பத்து நிமிடம் வேகமாக ஓடி ஆடினதும் டேப்பின் பிடிமானத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் போய்விட்டது. பத்து நிமிடம் என்பது நம் கணக்கில் முதல் செட்டின் பாதி. நம் ஊரின் வியர்வையில் இன்னும் சீக்கிரமாகவே தளரும் என்பது என் அனுமானம். மேட்ச் முடிந்து டேப்பைப் பிரித்துப் பாருங்கள், உள்பக்கம் ஈரத்தில் ஊறித் துணியாகத் தொங்கும். ஐந்தாவது செட்டில் பையன் நம்பிக்கொண்டிருப்பது அந்தத் துணியைத்தான்.

இன்னொரு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. 2007இல் ஆஸ்திரேலியாவில் நடந்தது. கணுக்கால் நிலையில்லாத 30 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு தடவை உண்மையான டேப், ஒரு தடவை தாங்கும் வேலை எதுவும் செய்யாத போலி டேப், ஒரு தடவை டேப்பே இல்லாமல் என்று ஒற்றைக்கால் குதியலும் சமநிலைச் சோதனையும் வைத்தார்கள். மூன்றிலும் செய்த செயல் ஒரே அளவில்தான் இருந்தது. ஆனால் டேப் ஒட்டியபோது கால் உறுதியாக இருக்கிறது, நம்பிக்கையாக இருக்கிறது என்று சொன்னார்கள், அது போலி டேப்பாக இருந்தாலும்கூட. என் பையனின் 'கல்லு மாதிரி'யும் ஆறு விநாடியும் ஞாபகம் வருகிறதா? 2012இல் இதுபோன்ற பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களும், அடிக்கடி சுளுக்கும் கால்களுக்கு டேப்போ பிரேஸோ மூட்டின் நிலையை உணரும் திறனைக் கூட்டுவதாகத் தெரியவில்லை என்றுதான் சொன்னார்கள்.

அப்புறம் எப்படி டேப் சுளுக்கைக் குறைக்கிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். குதித்து இறங்கும்போது நுனிக்கால்தான் முதலில் தரையைத் தொடுகிறது. அந்த நிலையில் கணுக்கால் மூட்டு எலும்புக்குள் இறுக்கமாகப் பொருந்தி உட்காருவதில்லை, பக்கவாட்டில் ஆடுவதற்கு இடம் இருக்கும். பாதம் கொஞ்சம் உட்பக்கமாகத் திரும்பிய நிலையில் தரையைத் தொட்டால் மீதி வேலையை உடம்பின் எடையே செய்துவிடும். காலின் வெளிப்பக்கத் தசை 'ஐயோ' என்று இழுத்துப் பிடிப்பதற்கு 50 மில்லி விநாடிக்கு மேல் ஆகும், அதற்குள் கதை முடிந்திருக்கும். அதனால் காப்பாற்றுவது இறங்கின பிறகு வரும் எதிர்வினை இல்லை, இறங்குவதற்கு முன்பே பாதம் எப்படி இருந்தது என்பதுதான். டேப் பாதத்தை நேரான நிலைக்குப் பக்கத்திலேயே பிடித்து வைக்கிறது, அது உதவுகிறது. காலுக்குள் இருக்கும் திசை உணர்வை அது திருப்பிக் கொடுப்பதில்லை. டேப் ஒரு கைப்பிடிச் சுவர் மாதிரி. சுவர் இருக்கிற இடத்தில் விழ மாட்டோம், ஆனால் சுவரைப் பிடித்தே நடந்தவன் சுவர் முடிகிற இடத்தில் தடுமாறுவான். அந்தப் பையனுக்குச் சுவர் முடிந்த இடம் ரேஷன் கடை வழி.

டேப் ஒட்டுவதைப் பற்றி ஒரு சின்ன விஷயம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறைய கிரவுண்டுகளில் தப்பாக ஒட்டிப் பார்த்திருக்கிறேன். பையனை பெஞ்சில் உட்கார வைத்து, பாதத்தைத் தொங்கவிட்டு ஒட்டுகிறார்கள். தொங்கும் பாதம் நுனிக்கால் நிலைதான், மடங்குகிற நிலையிலேயே கட்டிப் போட்டது போல ஆகிவிடும். பாதம் காலுக்குச் சரியாக 90 டிகிரியில் இருக்க வேண்டும், பையனே தன் கால்விரல்களை முகத்தைப் பார்த்து இழுத்துப் பிடித்துக்கொள்ளட்டும். லாடம் போல வருகிற பட்டையை உட்பக்கத்தில் ஆரம்பித்து, குதிகாலுக்கு அடியில் கொண்டுபோய், வெளிப்பக்கம் மேலே இழுத்து முடிக்க வேண்டும். திசை மாறினால் சுளுக்குகிற பக்கமே காலை இழுத்து வைத்துவிடுவோம். விரல்கள் மரத்துப்போனால், நீலம் பாய்ந்தால், மேட்ச் நடுவிலானாலும் உடனே பிரித்துவிடுங்கள். கலர் கலராக ஒட்டுகிற மீள் டேப்பைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்றால், அது காலை இறுக்கிப் பிடிக்கும் வேலைக்கு உருவானது இல்லை. போட்டோவில் அழகாக இருக்கும்.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

பயிற்சியின் முதல் பத்து நிமிடத்தை எனக்குக் கொடுங்கள். வார்ம் அப் என்று கிரவுண்டைச் சுற்றி ஓட விடுகிறீர்களே, அதில் பாதியைக் குறைத்தால் போதும். ஷூவைக் கழற்றிவிட்டு, இரண்டு பேராக எதிரெதிரே ஒற்றைக் காலில் நின்று பந்தைத் தூக்கிப் போட்டு விளையாடட்டும். ஒரு காலுக்கு அரை நிமிடம், பிறகு அடுத்த கால். முதல் வாரம் இது போதும். இரண்டாம் வாரத்திலிருந்து கண்ணை மூடி நிற்பது. மூன்றாம் வாரத்தில் கோணிப்பையை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் நிற்பது. ஆடுகிற பலகை வேண்டும் என்று யாரும் செலவு செய்ய வேண்டாம், தச்சரிடம் ஒரு பலகையும் பாதி வெட்டிய மர உருளையும் கேட்டால் ஒரு மாலையில் செய்து தருவார். அதற்குப் பிறகு குதியல்: ஒற்றைக் காலில் குதித்து, இறங்கி, மூன்று எண்ணும் வரைக்கும் அசையாமல் நிற்பது. கடைசியாக நெட் பக்கத்தில் பிளாக் போட்டு இரண்டு காலிலும் சமமாக இறங்கும் பழக்கம். இதைச் சொல்லும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். கொக்கு மாதிரி நிற்கச் சொல்றார் என்பார்கள். சிரிக்கட்டும், அடுத்தவன் எத்தனை விநாடி நின்றான் என்று தெரிந்ததும் போட்டி தானாக வந்துவிடும். இதைவிட லேசாக ஒரு பயிற்சியை ஊக்கப்படுத்த முடியாது.

இது என் கற்பனை இல்லை. நார்வேயில் ரோவால்ட் பாரும் அவர் சகாக்களும் வாலிபால் அணிகளுக்கு இறங்கும் முறையையும் சமநிலைப் பலகைப் பயிற்சியையும் கற்றுக் கொடுத்தார்கள். கணுக்கால் சுளுக்கு 1,000 மணி நேர ஆட்டத்துக்கு 0.9இலிருந்து 0.5 ஆகக் குறைந்தது, அந்த முடிவு 1997இல் வெளிவந்தது. நெதர்லாந்தில் 2001-02 சீசனில் 116 வாலிபால் அணிகளை இரண்டாகப் பிரித்து ஒரு பிரிவுக்கு மட்டும் சமநிலைப் பலகைப் பயிற்சி கொடுத்தார்கள். முன்பு சுளுக்கு பட்டவர்களுக்கு அது மறுபடி சுளுக்குவதைக் குறைத்தது. இதுவரை சுளுக்கே வராதவர்களிடம் அந்த அளவுக்குப் பலன் தெரியவில்லை. அதே நெதர்லாந்தில் 2009இல் வந்த இன்னொரு ஆய்வில், சுளுக்கிய 522 விளையாட்டு வீரர்களில் ஒரு பகுதியினர் வீட்டிலேயே எட்டு வாரம் சமநிலைப் பயிற்சி செய்தார்கள். ஒரு வருடத்தில் மறுபடி சுளுக்கியது பயிற்சி செய்யாதவர்களில் 100க்கு 33 பேருக்கு, செய்தவர்களில் 100க்கு 22 பேருக்கு. யாரும் பக்கத்தில் நின்று மிரட்டாமல், வீட்டு முற்றத்தில் செய்து கிடைத்த பலன் இது.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. மறைத்தால் எனக்கே பிடிக்காது. 2014இல் அதே நாட்டினர் பயிற்சியையும் பிரேஸையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள். ஒரு வருடம் ஆட்டத்தின்போது பிரேஸ் போட்டவர்களுக்கு, எட்டு வாரம் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடக் குறைவாகவே சுளுக்கியது. 'அப்போ டேப்பே போதும், கொக்கு எதற்கு' என்று யாராவது கேட்டால் இதைத்தான் காட்டுவார்கள். என் பதில் இது: ஆட்டத்துக்கு பிரேஸோ டேப்போ தாராளமாகப் போடுங்கள், சுளுக்கிய முதல் ஒரு வருடத்துக்குக் கட்டாயம் போடுங்கள். ஆனால் பையன் நாள் முழுக்க பிரேஸோடு வாழப் போவதில்லை. மாடிப்படி, வாய்க்கால் வரப்பு, டூவீலர் ஸ்டாண்ட், இவையெல்லாம் கிரவுண்டுக்கு வெளியே இருப்பவை. அதனால் இரண்டும் வேண்டும் என்கிறேன். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: நெதர்லாந்து வாலிபால் ஆய்வில், ஏற்கெனவே முழங்கால் கோளாறு இருந்தவர்களுக்கு அந்தப் பயிற்சியின்போது முழங்கால் தொந்தரவு கூடியது. முழங்கால் வலி இருக்கும் பிள்ளைகளைக் குதியலில் விடாதீர்கள், நிற்கும் பயிற்சி மட்டும் போதும், முழங்காலைப் பார்த்துச் சிகிச்சை முடியட்டும்.

அளந்து பார்ப்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். இதற்குத் தையற்கடை இஞ்ச் டேப் ஒன்று போதும். ஒட்டுகிற டேப்பை மறக்காமல் எடுத்து வருகிறீர்கள், அதே பையில் இதையும் போட்டு வையுங்கள். தரையில் சுண்ணாம்பால் முன்பக்கம் நீட்டி ஒரு கோடு போடுங்கள். கோட்டின் ஆரம்பத்தில் பையன் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும், மற்றக் காலை முன்னால் எவ்வளவு தூரம் நீட்டித் தரையை லேசாகத் தொட முடிகிறதோ அவ்வளவு தூரம் தொட்டுத் திரும்ப வேண்டும். நிற்கிற காலின் குதிகால் தூக்கக்கூடாது. மூன்று தடவை செய்யச் சொல்லி அதிக தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அடுத்த கால். இரண்டு காலுக்கும் வித்தியாசம் 4 சென்டிமீட்டருக்கு மேல் போனால் கவனமாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் பள்ளிக் கூடைப்பந்து வீரர்களை வைத்துச் செய்து 2006இல் வெளியான ஆய்வில், அவ்வளவு வித்தியாசம் இருந்தவர்களுக்கு அந்த சீசனில் கால் அடிபடும் வாய்ப்பு இரண்டரை மடங்கு இருந்தது. 'வலி இல்லை சார்' என்கிற சொல்லைவிட இந்த 4 சென்டிமீட்டரை நம்புங்கள். பையன் உங்களிடம் பொய் சொல்வான். அவனுக்கு செமி ஃபைனல் முக்கியம். உங்களுக்கும்தான், எனக்குத் தெரியும்.

அடிபட்ட அன்றைக்கு என்ன செய்வது என்பதிலும் ஒரு கோரிக்கை இருக்கிறது. நம் ஊரில் கால் மடங்கியதும் முதலில் கூப்பிடுவது சுளுக்கு எடுக்கிறவரை. எண்ணெய் போட்டு நீவி, ஒரு இழு இழுத்துவிடுவார். புளியும் உப்பும் சேர்த்துப் பத்துப் போடுவதை நான் தடுக்க மாட்டேன், என் அம்மாவே போட்டவர். இழுப்பதைத்தான் அஞ்சுகிறேன். உள்ளே எலும்பு விரிசல் விட்டிருந்தால்? கனடாவின் ஒட்டாவாவில் 1992இல் ஒரு எளிய விதி வகுத்தார்கள். அடிபட்டதும் பையனால் நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே. கணுக்காலின் இரண்டு பக்க எலும்புகளின் பின்விளிம்பில், கீழிருந்து 6 சென்டிமீட்டருக்குள் அழுத்தினால் கடுமையாக வலிக்கிறது என்றாலும் எக்ஸ்ரே. பாதத்தின் வெளிப்பக்க நடு எலும்பு மேட்டிலோ, உட்பக்க வளைவுக்கு மேல் இருக்கும் எலும்பிலோ அழுத்தி வலித்தாலும் அப்படியே. இவை எதுவும் இல்லை என்றால் பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை. இந்த நாலு வரியை ஸ்கோர் ஷீட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ரே எடுக்காமல் புத்தூர்க் கட்டுக்கு வண்டி ஏற்றிவிட்டு, ஒரு மாதம் கழித்து என்னிடம் வந்த கால்கள் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன்.

இனி கமிட்டிக்காரர்களுக்கு. போஸ்டரில் 'மாபெரும் மின்னொளிக் கைப்பந்தாட்டப் போட்டி' என்று போட்டு முதல் பரிசு, இரண்டாம் பரிசு, சிறந்த அட்டாக்கர் என்று எல்லாம் கொடுக்கிறீர்கள், சந்தோஷம். நெட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எப்போதாவது டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறீர்களா? வருடக்கணக்காக எல்லோரும் இறங்கி இறங்கி இரண்டு பக்கமும் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். போட்டிக்கு முந்தின நாள் மண் கொட்டி, தண்ணீர் விட்டு, மிதித்துச் சமப்படுத்துங்கள். கோட்டுக்கயிற்றை அடித்திருக்கும் ஆணியின் தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நடுக்கோடு போடுங்கள். எத்தனை ஊர்களில் நடுக்கோடே இல்லாமல் ஆட்டம் நடக்கிறது தெரியுமா? வாலிபாலில் கணுக்கால் போவது பெரும்பாலும் நெட்டுக்கு அடியில்தான், ஒருத்தன் இறங்கும் இடத்தில் இன்னொருத்தன் பாதம் இருப்பதால். பாதம் முழுவதும் கோட்டைத் தாண்டினால்தான் தப்பு, கோட்டின்மேல் ஒரு பகுதி இருந்தால் ஆடலாம் என்பதுதான் விதி. அந்த விதி கொஞ்சம் தாராளமாகவே இருக்கிறது, கோடும் இல்லையென்றால் அதுவும் போய்விடும். ரெஃப்ரியிடம் சொல்லி வையுங்கள், முழுப் பாதம் தாண்டினால் விசில் அடிக்கட்டும். நாலு பேர் கத்துவார்கள். அடுத்த மேட்ச்சில் கத்த மாட்டார்கள்.

பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசரம். பையனுக்கு மூன்று தடவை சுளுக்கினாலும் அடுத்த வாரம் கிரவுண்டுக்கு வந்துவிடுவான். ஒரு பெண் பிள்ளைக்கு ஒரு தடவை சுளுக்கினால் வீட்டில் 'இனிமே விளையாட்டு வேணாம்' என்று முடிவாகிவிடுகிறது. என்னிடம் வந்த செட்டர் (அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள்) ஒருத்திக்கு, அவளைவிட நிதானமாக நிற்கும் கால் நான் பார்த்ததில்லை, மூன்று வாரத்தில் கால் முழுக்கச் சரியாகிவிட்டது. வீட்டில் சம்மதம் வாங்கத்தான் இரண்டு மாதம் பிடித்தது. அப்பாவை நேரில் வரச் சொல்லி, அவர் கண்முன்னால் அவளை ஒற்றைக் காலில் நிற்க வைத்தேன். அவரையும் நிற்கச் சொன்னேன். பாவம், நாலு விநாடி. சிரித்துவிட்டார். அந்த வாரமே அனுப்பி வைத்தார்.

அந்த செமி ஃபைனல் பையனைப் பற்றிச் சொல்லவில்லையே. அவன் பயிற்சியாளரிடம் போனில் பேசினேன். முதலில் கோபப்பட்டார், 'டாக்டர்னா ஆட வேணாம்னுதான் சொல்வீங்க' என்றார். நான் டாக்டர் இல்லை, பழைய சென்டர் பிளாக்கர் என்றேன். கொஞ்சம் இளகினார். அந்த ஞாயிறு பையன் ஆடவில்லை. அணி தோற்றது. அந்தத் தோல்விக்கு என்னைக் காரணம் சொல்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன், சொல்லட்டும். பையன் வாரம் மூன்று நாள் வந்து கோணிப்பைமேல் நிற்கிறான். நேற்று இடது கால் 17 விநாடி. முன்பக்க நீட்டலில் வலது காலுக்கும் இடது காலுக்கும் இப்போது 3 சென்டிமீட்டர் வித்தியாசம், ஆரம்பத்தில் 9.

கோடைப் பயிற்சி முகாம்கள் தொடங்கப் போகின்றன. எங்கள் மாவட்டத்தில் எந்த கிரவுண்டாக இருந்தாலும் சனிக்கிழமை மாலையில் கூப்பிடுங்கள், காசு வேண்டாம், டீ போதும். ஸ்டாப்வாட்ச் நான் கொண்டு வருகிறேன். இஞ்ச் டேப்பும் சுண்ணாம்பும் உங்கள் பொறுப்பு. பிள்ளைகளைக் காலைக் கழுவிக்கொண்டு வரச் சொல்லுங்கள், வெறுங்காலில்தான் நிற்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பிசியோதெரபிஸ்ட்